காரீயத்துக்கு வயது தெரியும்

தேனி மாவட்டத்தில், தேவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது பொட்டிப்புரம். ஊரை ஒட்டி நிற்பது அம்பரப்பர் மலை. நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க அறிவியலாளர்கள் தேர்ந்தெடுத்த மலை என்று செய்தித்தாளில் இதன் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்த மலைக்கும், ஒரு கோயில் சிலை அசலா நகலா என்று கண்டுபிடிப்பதற்கும் தொடர்பு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது காரீயம். மீன்வலையின் ஓரத்தில் கட்டும் குண்டிலும் ஆட்டோ பேட்டரிக்குள் இருக்கும் தகட்டிலும் உள்ள அதே காரீயம்தான்.

அங்கே போய்ச் சேருவதற்கு முன், எளிதில் அகப்படும் போலிகள் இரண்டைப் பிடித்துப் பழகிக்கொள்வோம்.

அரிசியை இழுக்கும் கலசம்

"பழைய கோபுரக் கலசம் ஒன்று கைவசம் இருக்கிறது. இடி விழுந்து விழுந்து செம்பு இரிடியமாக மாறிவிட்டது. அரிசியைப் பக்கத்தில் வைத்தால் இழுத்துக்கொள்ளும். வெளிநாட்டில் கோடிக்கணக்கில் விலை போகும். நீங்கள் இப்போதைக்குக் கொஞ்சம் முன்பணம் போட்டால் போதும்."

இப்படி ஆசை காட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் போலீசில் சிக்கியிருக்கின்றன. படித்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். பள்ளிக்கூட அறிவியலை நினைவில் வைத்திருந்தாலே இதில் தப்பித்துவிடலாம்.

இரிடியம் ஒரு தனிமம், செம்பு வேறொரு தனிமம். செம்பு அணுவின் கருவில் 29 புரோட்டான்கள் இருக்கும். இரிடியம் அணுவின் கருவில் 77. மின்னல் உலோகத்தைச் சுடவைக்கும், உருக்கவும் செய்யும். ஆனால் ஒவ்வொரு செம்பு அணுவின் கருவுக்குள்ளும் 48 புரோட்டான்களைப் புதிதாகத் திணிக்க அதற்கு வலு கிடையாது. அசல் இரிடியமே எதிரில் இருந்தாலும் அது அரிசியை இழுக்காது. 'கண்ணெதிரே இழுத்துக் காட்டினார்களே!' என்று ஏமாந்தவர்கள் சொல்வார்கள். அந்த அரிசி யாருடையது என்று கேளுங்கள். அரிசியில் இரும்புத் தூளை ஏற்றிவிட்டு, பாத்திரத்துக்குள் காந்தத்தை ஒளித்து வைத்தால் இழுக்கத்தான் செய்யும். நம் வீட்டு அரிசிப் பானையிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கொடுத்தால் கலசம் சும்மா நிற்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய குண்டானுக்குள் பொருளை முழுக்க மூழ்க விடுங்கள். வழிந்த தண்ணீரைப் பிடித்து அளந்தால், பொருளில் உள்ள உலோகத்தின் பருமன் கிடைக்கும். வழிந்தது ஒரு லிட்டர் என்றால், செம்புப் பொருளின் எடை ஏறக்குறைய 9 கிலோ இருக்க வேண்டும். இரிடியமாக இருந்தால் 22 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். ஒரு தராசும் ஒரு குண்டானும் போதும், கோடி ரூபாய்ப் பேச்சு அடங்கிவிடும்.

ராமர் போட்ட காசு

அடுத்தது காசு. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமார். மறுபக்கம் 'கிழக்கிந்தியக் கம்பெனி, 1818' என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் அணா அல்லது அரை அணா என்று மதிப்பும் போட்டிருக்கும். பூசை அறையிலோ அப்பாவின் பழைய பெட்டியிலோ நீங்களே பார்த்திருக்கலாம். 'இருநூறு வருஷத்துக் காசு, லட்சக்கணக்கில் போகும்' என்பார்கள்.

இதற்கு ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம், வரலாறு தெரிந்தால் போதும். ராமர் பட்டாபிஷேகம் போட்ட அணாக் காசைக் கம்பெனி வெளியிட்டதே இல்லை. சென்னையில் கம்பெனி அடித்த வராகன் என்ற தங்கக் காசில் பெருமாள் உருவம் உண்டு. அதன் அளவும் உலோகமும் அச்சும் வேறு. கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரிக் காசு அடிக்கத் தொடங்கிய ஆண்டு 1835. ஆக, 1818 என்று போட்ட ராமர் காசு பிற்காலத்தில் யாரோ செய்த பக்திப் பொருள். வீட்டில் வைத்துக் கும்பிடலாம். பழங்காசு என்று சொல்லி விற்றால்தான் அது பொய்யாகிறது.

இந்த இரண்டு போலிகளையும் நாம் எப்படிப் பிடித்தோம்? செய்தவருக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்திருந்தது. சரி, செய்தவர் நம்மைவிடக் கெட்டிக்காரராக இருந்தால்?

சிவபுரத்து நடராசர்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சிவபுரம் என்று ஓர் ஊர். அங்கே 1951-இல் மண்ணுக்கடியிலிருந்து சோழர் காலத்து ஐம்பொன் சிலைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அழகான நடராசர். சிலைகள் ஊர்க் கோயிலுக்கே வந்து சேர்ந்தன. 1954-இல் அவற்றைச் செப்பனிடுவதற்காகச் சிற்பியிடம் கொடுத்தார்கள். வேலை முடிந்து நடராசர் திரும்பி வந்தார், ஊரும் கும்பிட்டது.

திரும்பி வந்தவர் பழைய நடராசர் இல்லை என்பதை ஊரில் யாரும் கவனிக்கவில்லை. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் என்ற அறிஞர் சோழர் சிலைகளை ஆராய்ந்து நூல் எழுதியபோதுதான், கோயிலில் இருப்பது இக்காலத்து நகல் என்ற உண்மை வெளியே வந்தது. அசல் பல கை மாறிக் கடல் கடந்து, கடைசியில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள நார்ட்டன் சைமன் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்திருந்தது. இந்தியா வழக்குப் போட்டது, பேச்சுவார்த்தை நடந்தது. 1986-இல்தான் நடராசர் நாடு திரும்பினார்.

பாரெட்டின் கண்ணுக்கு நகல் எப்படித் தெரிந்தது? சிலை வார்க்கும் முறையை நினைத்துப் பாருங்கள். ஸ்தபதி முதலில் மெழுகில் உருவம் செய்வார். அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, சூடேற்றுவார். மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை உருக்கி ஊற்றுவார். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்துத்தான் சிலையை வெளியே எடுக்க முடியும். ஓர் அச்சில் ஒரே சிலை! அடுத்த சிலைக்கு மறுபடியும் மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் விரல் நுனியிலோ, இடுப்பு மடிப்பிலோ, பறக்கும் சடையிலோ கொஞ்சம் மாறிவிடும். ஆயிரம் சிலைகளை ஊன்றிப் பார்த்த கண்ணுக்கு அந்த மாற்றம் தெரியும்.

ஆனால் கண் வேலை செய்வதற்கும் ஓர் எல்லை உண்டு. பழைய சிலையின் மேல் படியும் பச்சைக் களிம்பை அமிலம் தடவி வரவழைக்கிறார்கள். புதுச் சிலையை மண்ணில் புதைத்து வைத்துப் பழசாக்குகிறார்கள். நிபுணர்களுக்குள்ளேயே 'அசல்', 'நகல்' என்று இரண்டு கட்சி ஆகிவிடுவது உண்டு.

அப்போது இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்: போலி செய்பவரால் எதை நகலெடுக்க முடியாது? உருவத்தை எடுக்கலாம். நிறத்தை எடுக்கலாம். கீறலையும் களிம்பையும்கூட எடுக்கலாம். கடந்துபோன ஆயிரம் வருஷத்தை? அதை எந்தப் பட்டறையிலும் செய்ய முடியாது. அந்த ஆயிரம் வருஷம் பொருளுக்குள் எங்கே பதிவாகியிருக்கிறது என்று தேடினால், காரீயத்துக்கு வந்து சேருவோம்.

ஈயத்துக்குள் ஒரு கடிகாரம்

பூமியின் பாறைகளில் கொஞ்சம் கொஞ்சம் யுரேனியம் கலந்திருக்கிறது. யுரேனியம் கதிரியக்கத் தனிமம். அதன் அணுக்கள் தாமாகவே சிதைந்து வேறு அணுக்களாக மாறும். அவையும் சிதைந்து இன்னொன்றாகும். இந்த நீண்ட சங்கிலியில் வருகிற மூன்று பேரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். (பெயருக்குப் பின்னால் வரும் எண், அந்தத் தனிமத்தின் எந்த வகை அணு என்பதைக் காட்டும்.) முதலில் ரேடியம்-226. அதிலிருந்து சில படிகள் தாண்டிக் காரீயம்-210. அதற்குப் பின்னால் பொலோனியம்-210. அதுவும் சிதைந்தால் காரீயம்-206. அது சிதையாத அணு, சங்கிலி அங்கே முடிகிறது.

ரேடியம்-226 நிதானமானது. இன்றைக்கு இருப்பதில் பாதி குறைய 1,600 ஆண்டு ஆகும். காரீயம்-210 அவசரக்காரர், 22 ஆண்டிலேயே பாதியாகிவிடும். இந்தக் காலத்துக்குத்தான் அரைஆயுள் என்று பெயர்.

தாதுப் பாறைக்குள் இருக்கும்வரை வரவும் செலவும் சமம். சிதைந்துபோகும் காரீயம்-210-க்கு ஈடாக ரேடியத்திலிருந்து புதிது வந்துகொண்டே இருக்கும். மனிதர்கள் தாதுவை உலையில் போட்டு ஈயத்தை, அதாவது காரீயத்தை, பிரிக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. ரேடியத்தில் பெரும்பகுதி கசடோடு போய்விடும். காரீயம்-210 மட்டும் சாதாரண ஈயத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். இரண்டும் வேதியியல்படி ஒரே தனிமம் என்பதால், உலை அவற்றைப் பிரிக்காது. அந்த நிமிஷம் முதல் காரீயம்-210-க்கு வரவு நின்றுவிடுகிறது, செலவு மட்டும் நடக்கிறது. கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது!

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தாயம் ஆடுவதற்குப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்குவோமே, அப்படி 64 கொட்டைகள் தயார் செய்யுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் குலுக்கித் தரையில் போடுங்கள். வெள்ளை மேலே தெரிகிறவற்றைப் பொறுக்கி ஒதுக்கிவிடுங்கள்; அவை சிதைந்த அணுக்கள். மிச்சம் ஏறக்குறைய 32 இருக்கும். அதை மட்டும் மறுபடி குலுக்கிப் போடுங்கள். 16-க்குப் பக்கத்தில் வரும். அடுத்து 8, 4, 2. ஒவ்வொரு குலுக்கலையும் 22 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கொட்டை எப்போது வெள்ளையாக விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மொத்தத்தில் எத்தனை மிஞ்சும் என்று முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம். மிச்சத்தை எண்ணினால் எத்தனை முறை குலுக்கியிருக்கிறார்கள் என்றும் சொல்லிவிடலாம். அணுக்களைக் கொண்டு வயது கணிப்பது இதே கணக்குதான். 64 கொட்டைக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வரும். கோடானுகோடி அணுக்களுக்குக் கணக்கு பிசகுவதே இல்லை.

ஏழு குலுக்கல் முடிந்தால், அதாவது 154 ஆண்டு ஆனால், புதிதாக இருந்ததில் 128-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். 300 ஆண்டு ஆனால் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதற்குப் பிறகு, கசடோடு போகாமல் தங்கிவிட்ட துளி ரேடியம் தருகிற வரவு மட்டுமே இருக்கும். அப்போது வரவும் செலவும் மறுபடி சமமாகிவிடும்.

நிபுணர்களை ஏமாற்றிய ஓவியம்

நெதர்லாந்து நாட்டில் ஹான் வான் மீகரன் என்று ஓர் ஓவியர் இருந்தார். அந்நாட்டின் வெர்மீர் என்ற மேதை 17-ஆம் நூற்றாண்டில் வரைந்தவை மிகக் குறைந்த ஓவியங்களே. வான் மீகரன், வெர்மீர் வரைந்ததாகத் தோன்றும்படி புதிய ஓவியங்களை வரைந்து விற்றார். 17-ஆம் நூற்றாண்டுத் துணியையே தேடி வாங்கினார். பழைய நிறப்பொடிகளையே அரைத்துப் பயன்படுத்தினார். பழைய வண்ணம் இறுகிக் கிடக்குமே, அதற்காகப் பிளாஸ்டிக் வகைப் பிசின் ஒன்றைக் கலந்து அடுப்பில் வேகவைத்தார். 1937-இல், அக்காலத்தின் பெரிய நிபுணர் ஒருவர் அதில் ஓர் ஓவியத்தை வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்றே புகழ்ந்தார். ராட்டர்டாம் நகர அருங்காட்சியகம் அதைப் பெரும் விலை கொடுத்து வாங்கியது.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் வான் மீகரன் கைதானார். நாட்டின் செல்வமான வெர்மீர் ஓவியத்தை நாஜித் தலைவர் ஒருவருக்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு. தப்பிக்க அவருக்கு ஒரே வழிதான் இருந்தது: 'அது வெர்மீர் இல்லை, நான் வரைந்தது' என்று சொன்னார். காவலில் இருந்தபடியே இன்னொன்றை வரைந்தும் காட்டினார். 1947-இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்த ஆண்டே இறந்தும் போனார். ஆனாலும் ராட்டர்டாம் ஓவியம் அசல்தான் என்று சிலர் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1968-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த பெர்னார்ட் கீஷ் என்ற அறிவியலாளர் கணக்கைத் தீர்த்து வைத்தார். ஓவியர்கள் பயன்படுத்தும் வெள்ளை நிறம் காரீயத்திலிருந்து செய்வது. அந்த வெள்ளையில் துளி எடுத்து, ஒரு கிராம் ஈயத்துக்கு நிமிஷத்துக்கு எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்று அளந்தார். 300 ஆண்டுப் பழமையான ஈயமாக இருந்தால், காரீயம்-210-இன் அளவைக் காட்டும் பொலோனியம் கணக்கும் ரேடியம் கணக்கும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். வெர்மீரின் அசல் ஓவியமான 'பின்னல் வேலை செய்யும் பெண்' படத்தில் பொலோனியம் 1.5, ரேடியம் 1.4. சமம்தானே? ராட்டர்டாம் ஓவியத்தில் பொலோனியம் 8.5, ரேடியம் 0.8. பத்து மடங்கு வித்தியாசம்! ஈயம் உலையிலிருந்து வெளிவந்து வெகுகாலம் ஆகவில்லை. துணி பழசு, சட்டம் பழசு, பாணி பழசு. நிறத்துக்குள் இருந்த ஈயம் மட்டும் புதுசு. வான் மீகரனுக்கு அந்தக் கடிகாரம் இருப்பதே தெரியாது.

மலைக்குள் ஏன் போனார்கள்?

இப்போது பொட்டிப்புரத்துக்குத் திரும்புவோம். நியூட்ரினோ மிக மிகச் சிறிய துகள். நொடிக்கு நொடி கோடானுகோடி நியூட்ரினோக்கள் உங்கள் உடலைத் துளைத்துக்கொண்டு போகின்றன. எதையும் தொடாமல் போவதால் தெரிவதில்லை. எப்போதோ ஒன்று ஓர் அணுவோடு மோதும். அந்த மோதலைத்தான் கருவி பதிவு செய்ய வேண்டும்.

இங்கேயும் போலித் தொல்லை உண்டு. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதி மியூவான் என்ற துகள்களை உண்டாக்குகின்றன. விரித்த உள்ளங்கை வழியே நொடிக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் போகிறது. கருவியில் அது ஏற்படுத்தும் சமிக்ஞை உண்மையான நியூட்ரினோ சமிக்ஞையைத் திரையிட்டு மறைத்துவிடும். ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை தலைக்கு மேலே இருந்தால், பத்து லட்சம் மியூவானில் ஒன்றுதான் உள்ளே வரும். நியூட்ரினோவுக்குப் பாறை ஒரு தடையே இல்லை. அதனால்தான் அறிவியலாளர்கள் ஆழம் தேடிப் போகிறார்கள். கர்நாடகத்தின் கோலார் தங்கச் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 1965-இலேயே நம் நாட்டவர் இடம்பெற்ற குழு, காற்று மண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களைப் பதிவு செய்தது. அந்தச் சுரங்கம் மூடிய பிறகு தேடியபோதுதான் அம்பரப்பர் மலை கண்ணில் பட்டது. சுரங்கப்பாதை வழியாக மலையின் நடுப்பகுதிக்குப் போய், அங்கே 50,000 டன் காந்த இரும்பை அடுக்கிக் கருவி அமைப்பது திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது.

திட்டம் இன்னும் நிறைவேறவில்லை. மலையைக் குடைந்தால் தண்ணீருக்கும் காட்டுக்கும் விவசாயத்துக்கும் என்ன ஆகும் என்று ஊர் மக்கள் கேட்டார்கள். வழக்குகள் வந்தன, தமிழ்நாடு அரசும் எதிர்ப்புத் தெரிவித்தது. மதுரையில் 85 டன் எடையில் ஒரு சிறிய மாதிரிக் கருவி மட்டும் இயங்குகிறது.

அந்த மலைக்குள் வைக்க நினைத்த இன்னொரு சோதனையில்தான் காரீயம் வருகிறது. வெள்ளீயத்தின் ஒரு வகை அணு மிக அபூர்வமாகச் சிதைகிறதா என்று பார்க்கும் சோதனை அது. பாறை மியூவானைத் தடுக்கும். ஆனால் பாறைக்குள்ளேயே இருக்கும் யுரேனியத்தின் கதிர்களை யார் தடுப்பது? அதற்குக் கருவியைச் சுற்றிக் காரீயச் சுவர் கட்ட வேண்டும். கதிர்களைத் தடுப்பதில் காரீயம் கெட்டி. ஆனால் புதுக் காரீயத்தில் காரீயம்-210 இருக்கிறதே! காவலுக்கு நிறுத்தியவரே சத்தம் போட்டால் எப்படி? ஆகவே இந்த வேலைக்குப் பழைய ஈயத்தையோ, காரீயம்-210 மிகக் குறைவான ஈயத்தையோ தேடி எடுக்கிறார்கள்.

எவ்வளவு பழசு? இத்தாலியின் சார்டீனியா தீவை ஒட்டிய கடலில், ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு ரோமானியக் கப்பல் மூழ்கியது. அதில் ஏறக்குறைய ஆயிரம் காரீயக் கட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் 33 கிலோ. 2010-இல் அவற்றில் 120 கட்டிகளை, கிரான் சாசோ மலைக்கு அடியில் உள்ள நியூட்ரினோ ஆய்வகத்துக்குச் சார்டீனியாவின் அருங்காட்சியகம் ஒன்று கொடுத்தது. 2,000 ஆண்டு என்றால் 90 குலுக்கலுக்கு மேல். காரீயம்-210 அதில் அடியோடு தீர்ந்துபோயிருக்கும். கட்டிகளின் மேல் செய்தவர் பெயர் பொறித்திருந்த பகுதிகளை மட்டும் வெட்டிப் பாதுகாத்துவிட்டு, மிச்சத்தை உருக்கினார்கள். தொல்பொருளை உருக்கலாமா என்று அப்போது சண்டையும் வந்தது. நீங்கள் நீதிபதியாக இருந்தால் என்ன தீர்ப்புச் சொல்வீர்கள்?

ஆக, ஓவியத்தில் போலியைப் பிடித்த அதே காரீயம்-210-தான் மலைக்கடியில் தொல்லை தருகிறது. அங்கே அது சாட்சி, இங்கே அது இரைச்சல்.

நம் சிலைகளுக்குள் என்ன இருக்கிறது?

சோழர் காலத்துச் சிலைகளில் செம்போடு வெள்ளீயமும் காரீயமும் கலந்திருக்கும். பெங்களூருவின் தேசிய உயராய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சாரதா சீனிவாசன் நூற்றுக்கும் மேற்பட்ட தென்னிந்தியச் சிலைகளில் துளித்துளியாக உலோகம் எடுத்து ஆராய்ந்தார். அவர் பார்த்தது சிதையாத காரீய அணுக்களை. காரீயம்-204, 206, 207, 208 என்று நான்கு வகை உண்டு. அவற்றின் விகிதம் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும். பல்லவர் காலத்தில் ஒரு சுரங்கத்து ஈயம், சோழர் காலத்தில் வேறு சுரங்கத்து ஈயம், விஜயநகரக் காலத்தில் மற்றொன்று என்று வந்திருந்தால், அந்த வேறுபாடு சிலைக்குள் பதிந்திருக்கும். காலம் உறுதியாகத் தெரிந்த சிலைகளைக் கொண்டு பட்டியல் போட்டுக்கொண்டு, காலம் தெரியாத சிலைகளை அதோடு ஒப்பிட்டார். வெண்கல நடராசர் வடிவம் சோழருக்கு முன்னால் பல்லவர் காலத்திலேயே தோன்றிவிட்டது என்று இந்தச் சான்றைக் காட்டித்தான் அவர் வாதிடுகிறார். போலியைப் பிடிக்கும் சோதனை, அசலின் வயதையும் கூட்டிக் காட்டுகிறது!

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் சென்னை அரசு அருங்காட்சியகமும் சேர்ந்து இன்னொரு வேலை செய்தன. சிலையைச் சுரண்டாமல், எக்ஸ் கதிராலும் மற்ற முறைகளாலும் உள்ளமைப்பையும் உலோகக் கலவையையும் பதிவு செய்து வைப்பது. சிவபுரத்துச் சிலை பட்டறைக்குப் போகும் முன் இப்படி ஒரு பதிவு இருந்திருந்தால், திரும்பி வந்த அன்றே குட்டு உடைந்திருக்கும்.

சோதனையையும் ஏமாற்றலாம்

போலி செய்பவருக்கும் இந்த அறிவியல் தெரிந்துவிட்டால்? பழைய பாத்திரங்களை வாங்கி உருக்கிச் சிலை வார்க்கலாம். ஈயம் பழசுதான், காரீயம்-210 இருக்காது. ஆனால் சிலை போன மாதம் செய்தது!

ஒரே சோதனைக்கு அகப்படாமல் போலி நழுவும் இப்படி ஒரு சிக்கல், மதுப் புட்டிகள் விஷயத்தில் உண்மையிலேயே வந்தது. பிரான்சின் போர்தோ நகரில் பிலிப் ஊபேர் என்ற இயற்பியலாளர், நியூட்ரினோ ஆராய்ச்சியில் பழகிய நுண்ணிய கதிர் உணர்கருவியைக் கொண்டு, பழைய திராட்சை மதுப் புட்டிகளைத் திறக்காமலே சோதிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். 1945-இல் முதல் அணுகுண்டு வெடித்ததிலிருந்துதான் சீசியம்-137 என்ற கதிரியக்க அணு காற்றில் கலந்து உலகெங்கும் பரவியது. அதற்கு முந்திய திராட்சையில் அது இருக்க வாய்ப்பே இல்லை. '1900-ஆம் ஆண்டுச் சரக்கு' என்று ஒட்டிய புட்டியில் சீசியம் தெரிந்தால் ஒட்டிய சீட்டு பொய்.

அமெரிக்கச் செல்வந்தர் ஒருவர், அந்நாட்டின் முன்னாள் அதிபர் தாமஸ் ஜெபர்சனுடையவை என்று சொல்லப்பட்ட 18-ஆம் நூற்றாண்டுப் புட்டிகளைப் பெரும் விலைக்கு வாங்கியிருந்தார். சோதித்ததில் சீசியம் இல்லை. அப்படியானால் அசலா? அவசரப்படக் கூடாது. சீசியம் இல்லை என்றால் 1945-க்கு முந்தியது என்று மட்டும்தான் பொருள். 1930-இல் நிரப்பியதாகவும் இருக்கலாமே! பிறகு புட்டியின் மேல் பொறித்திருந்த எழுத்துகளை நிபுணர்கள் உருப்பெருக்கியில் பார்த்தார்கள். மின்சாரக் கருவியால் செதுக்கிய தடம் தெரிந்தது. ஜெபர்சன் காலத்தில் மின்சாரக் கருவி ஏது?

அணுச் சோதனை விட்டதைக் கண்ணும் உருப்பெருக்கியும் பிடித்தன. வான் மீகரன் விஷயத்தில் கண் விட்டதை அணு பிடித்தது. அதனால்தான் நல்ல ஆய்வாளர்கள் ஒரே சோதனையோடு நிற்பதில்லை.

உங்கள் கையில் ஒன்று கிடைத்தால்

தேனி வட்டாரத்து மண் பழைய பொருள்களுக்குப் பஞ்சமில்லாத மண். போடிநாயக்கனூரில் மீன் சின்னம் பதித்த பழைய வெள்ளி முத்திரைக் காசுகள் கிடைத்திருக்கின்றன. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். கல்லின் வயதை அளந்து அதில் எழுதிய காலத்தைச் சொல்ல முடியாது. பாறை மனிதர்களைவிடப் பல கோடி ஆண்டு மூத்தது. எழுத்தின் வடிவமும், கல் கிடைத்த இடமும்தான் அங்கே சாட்சிகள்.

ஆகவே தோட்டத்தில் பழைய காசோ சிலையோ கிடைத்தால் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். களிம்பும் ஒரு சாட்சி. கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, படம் எடுத்துவிட்டு, பெரியவர்கள் மூலம் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. 'இரிடியம்' என்று யாராவது வந்தால் குண்டானையும் தராசையும் எடுத்து வையுங்கள்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. ஒருவர் இரண்டு வெண்கல விளக்குகளைக் கொண்டுவருகிறார். இரண்டும் 200 வருஷப் பழமை என்கிறார். முதல் விளக்கின் ஈயத்தில், புது ஈயத்தில் இருக்கும் காரீயம்-210-இல் கால் பங்கு இருக்கிறது. இரண்டாம் விளக்கில் காரீயம்-210 தென்படவே இல்லை. என்ன சொல்வீர்கள்?

முதல் விளக்கு எளிது. பாதியாக ஒரு குலுக்கல், கால் பங்காக இன்னொரு குலுக்கல். 22-ஐ இரண்டால் பெருக்கினால் 44. அந்த ஈயம் உலையிலிருந்து வந்து 44 ஆண்டுதான் ஆகிறது. 200 வருஷம் என்பது பொய்.

இரண்டாவது விளக்குக்கு 'அசல்' என்று எழுதியிருந்தால் உங்களுக்குப் பாதி மதிப்பெண்தான். பழைய ஈயத்தை உருக்கி நேற்று வார்த்த விளக்கிலும் காரீயம்-210 இருக்காது. 'இந்தச் சோதனையில் பொய் அகப்படவில்லை. அடுத்த சோதனைக்கு அனுப்பு' என்று எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண்.